காற்றை அளந்து அறிவோம்

நுழையும்முன்

நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது. அத்தகைய ஒன்று நம் வீட்டுக் காற்றில் கலந்திருந்தால் அதனை எவ்வாறு அறிவது? புலன்களுக்கு எட்டாதவற்றை அறிய மனிதன் கண்ட வழி அளவீடு. ரேடான் என்னும் வாயுவின் இயல்பையும், அதனை வீட்டிலேயே அளந்தறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காற்றின் ஊர்

கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே அமைந்த ஊர் கயத்தாறு. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட மண் என்பதால் வரலாற்றில் இடம்பெற்ற அவ்வூர், இன்று காற்றாலைகளாலும் அறியப்படுகிறது. தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் அங்குள்ளது. கரிசல் வெளியில் வீசும் காற்றின் வேகத்தைக் கருவிகள் இடைவிடாது கணக்கிடுகின்றன. வெளிக்காற்றை இவ்வளவு நுட்பமாக அளக்கும் நாம், வீட்டினுள் நாள்தோறும் சுவாசிக்கும் காற்றை அளந்து பார்த்ததுண்டா?

மண்ணிலிருந்து மனைக்கு

பாறையிலும் மண்ணிலும் யுரேனியம் சிறிதளவு கலந்துள்ளது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. இது ஒரு மந்த வாயு. காற்றைவிட ஏழு மடங்கிற்கும் மேல் அடர்த்தி மிக்கது. இதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள்கள். அதற்குள் மண்ணின் துளைகள் வழியே மேலெழுந்து, தரையிலும் சுவரடியிலும் உள்ள வெடிப்புகளின் ஊடாக வீட்டினுள் நுழைகிறது. திறந்த வெளியில் காற்றுடன் கலந்து நீர்த்துப்போகும். மூடிய அறையிலோ தேங்கி நிற்கும்.

ரேடான் சிதைந்து பொலோனியம் முதலிய திண்மத் துகள்களாகிறது. இவை தூசியில் ஒட்டி, மூச்சுக்காற்றுடன் நுரையீரலை அடைந்து, அங்கேயே ஆல்ஃபா துகள்களை உமிழ்கின்றன. இப்பாதிப்பு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. புகைப்பிடிப்போர்க்கு இவ்வாய்ப்பு பன்மடங்கு மிகுதி.

ஒலித்த எச்சரிக்கை மணி

1984ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. லிமெரிக் அணுமின் நிலையக் கட்டுமானப் பணியில் இருந்த பொறியாளர் ஸ்டான்லி வாட்ராஸ் கதிரியக்கம் கண்டறியும் கருவியைக் கடக்கும்போதெல்லாம் எச்சரிக்கை மணி ஒலித்தது. கதிரியக்கத்தை அவர் ஆலையில் பெறவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார் என்பது பின்னர்ப் புலனாயிற்று. புறநகர்ப் பகுதியில் இருந்த அவரது வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் பெக்கரல் ரேடான் இருந்தது. மனைவி, குழந்தைகளுடன் அவர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தரையடியில் தேங்கிய வாயுவை வெளியேற்றும் அமைப்புகள் பொருத்தப்பட்ட பின், சில மாதங்களில் அக்குடும்பம் அதே வீட்டிற்குத் திரும்பியது. வீடுதோறும் ரேடானை அளக்கும் வழக்கம் அந்நாட்டில் பரவ இந்நிகழ்வு காரணமாயிற்று.

நம் மண்ணின் இயல்பு

தமிழகத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணலில் மோனசைட் என்னும் தாதுப்பொருள் உள்ளது. அதிலுள்ள தோரியம் சிதைவதால் தோரான் என்னும் வாயு உண்டாகிறது. இதுவும் ரேடானின் ஒரு வகையே. ஆயினும், இதன் அரை ஆயுட்காலம் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. எனவே, பிறந்த இடத்தைவிட்டு நெடுந்தொலைவு செல்வதில்லை.

கரிசல் மண்ணின் இயல்பு வேறு. மழையில் பருத்து, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பது அது. அதன்மீது எழுப்பிய வீடுகளின் தரையும் சுவரும் விரிசல் காண்பதைக் கயத்தாறு வட்டாரத்தார் நன்கறிவர். விரிசல், வாயு நுழையும் வழி. எனினும், விரிசல் இருப்பதாலேயே ரேடான் மிகுந்திருக்கும் என்று முடிவுகட்டலாகாது. அடிநிலப் பாறையின் தன்மை, கட்டுமானப் பொருள், காற்றோட்டம் ஆகியவற்றைப் பொறுத்து, அடுத்தடுத்த வீடுகளிலும் அளவு மாறுபடும். ஆகவே, அச்சமும் அலட்சியமும் தவிர்த்து அளந்து பார்ப்பதே அறிவுடைமை.

வீட்டில் அளத்தல்

ரேடானை அளக்க மின்சாரமோ பெரிய இயந்திரமோ வேண்டியதில்லை. ஒரு சிறிய கிண்ணத்தினுள் நெகிழிப் படலம் ஒன்று வைக்கப்படுகிறது. ஆல்ஃபா துகள்கள் அதன்மீது மோதி, கண்ணுக்குப் புலனாகாத் தடங்களைப் பதிக்கின்றன. பின்னர் ஆய்வகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் அத்தடங்கள் அகலமாகின்றன. அவற்றை நுண்ணோக்கியில் எண்ணி ரேடானின் அளவைக் கணக்கிடுவர். இம்முறையில் அமைந்த அளவிகளைப் பாபா அணு ஆராய்ச்சி மையமும் உருவாக்கியுள்ளது.

அளவியைப் படுக்கையறை போன்று, நெடுநேரம் தங்கும் அறையில் மூச்சுவிடும் உயரத்தில் வைத்தல் வேண்டும். சன்னல், மின்விசிறி, அடுப்பு ஆகியவற்றின் அருகில் வைத்தலாகாது. பகலிலும் இரவிலும், கோடையிலும் மழையிலும் ரேடானின் அளவு மாறும். எனவே, ஓரிரு நாள் அளவீட்டைவிட மூன்று மாத அளவீடு உண்மைக்கு நெருக்கமானது.

ஒரு நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைவது ஒரு பெக்கரல். வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வழிகாட்டு அளவாக அறிவித்தது. அதனை எட்ட இயலாத நாடுகளிலும் 300 பெக்கரலைக் கடக்கலாகாது என்றும் வரையறுத்தது.

எளிய தீர்வு

அளவு மிகுந்திருப்பின் கலங்க வேண்டியதில்லை. தரை விரிசல்களை அடைத்தல், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தல், தேவையெனில் தரையடி வாயுவைக் குழாய் வழியே கூரைக்கு மேல் வெளியேற்றுதல் ஆகியன பயன்தரும்.

நம் முன்னோர் முற்றமும் திண்ணையும் சாளரமும் அமைத்து, காற்று உலவும் வீடுகளைக் கட்டினர். குளிரூட்டிகள் பெருகிவரும் இக்காலத்தில் கதவும் சன்னலும் நாள்முழுதும் அடைபட்டுக் கிடக்கின்றன. காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, சிறிது நேரமேனும் நம் அறைகளுக்குள்ளும் உலவட்டும். புதுவீடு கட்டுவோர் குடிநீரைச் சோதிப்பதுபோல உயிர்க்காற்றையும் சோதிக்கும் வழக்கம் வளரட்டும். அதனை வீட்டாருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு மாணவர்களாகிய உங்களுடையது.