உடம்புக்குள் ஒரு ஸ்டார்ட்டர்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, சூரிய மின்சாரம் பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்று வருஷமாக மனசில் உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம் ஒன்று உண்டு. அதையே எழுதுகிறேன்.

நான் பத்தாவது படிக்கும்போது என் அத்தைக்கு வாயில் ஒரு புண் வந்தது. அப்பாவுக்கு அக்கா, என்னைத் தூக்கி வளர்த்தவர். புகையிலை போடும் பழக்கம் உண்டு. புண்ணிலிருந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்த அன்று அப்பா அதை என் கையில் கொடுத்து, "நீதானே படிக்கிற பிள்ளை, என்ன போட்டிருக்கு பாருப்பா" என்றார். வீட்டில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். எழுத்துக் கூட்டி வாசித்தேன்: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. வாசிக்கத் தெரிந்தது, அர்த்தம் தெரியவில்லை. "ஒண்ணும் பெரிசா இல்லைப்பா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் அத்தை இறந்துபோனார்.

அதற்குப் பிறகு புற்றுநோய் பற்றி எங்கே எதைப் பார்த்தாலும் படிப்பேன். அப்படிப் படித்ததில் என்னைப் பிடித்து நிறுத்தியவர் ஜேம்ஸ் அலிசன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. நோயை எதிர்க்கும் செல்களுக்குள் சிக்னல் எப்படிப் போகிறது என்று ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்தவர். எலக்ட்ரிக்கல் படிக்கிற நமக்கு அவருடைய ஆராய்ச்சி ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

சின்ன ஊர்ப் பையன்

அலிசன் 1948-ல் டெக்சாஸ் மாநிலத்தில் ஆலிஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். அலிசனுக்குப் பதினோரு வயதில் அம்மா நிணநீர்ப் புற்றுநோயால் இறந்தார். பின்னால் தாய்மாமன்களும், அதற்கும் பிறகு அண்ணனும் புற்றுநோய்க்கே பலியானார்கள்.

உள்ளூர்ப் பள்ளியில் உயிரியல் வகுப்பில் டார்வினின் பரிணாமக் கொள்கையைச் சொல்லித்தரவில்லை. "டார்வின் இல்லாத உயிரியல் எனக்கு வேண்டாம்" என்று வகுப்புக்கே போக மறுத்தாராம்! அந்தப் பாடத்தை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் படித்துத் தேறினார். டாக்டராக வேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்தவர், பாதியில் மனம் மாறி ஆராய்ச்சிக்கு வந்தார். டாக்டர் தப்புச் செய்யக்கூடாது. ஆராய்ச்சியாளன் தப்புச் செய்துதான் கற்றுக்கொள்கிறான். அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. 1973-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

டி செல்லும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரும்

நம் ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்வதால் அந்தப் பெயர். உடம்பெல்லாம் சுற்றிவந்து, வைரஸ் புகுந்த செல்லையும் கெட்டுப்போன செல்லையும் தேடிக் கொல்வது இதன் வேலை. கேள்வி என்னவென்றால், எதைக் கொல்வது, எதை விடுவது, எப்போது நிறுத்துவது என்று இதற்கு யார் சொல்கிறார்கள்?

நம் மெஷின்ஸ் லேபில் இருக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் ஸ்விட்சைப் போட்டால் மட்டும் மோட்டார் ஓடாது. பச்சைப் பட்டனையும் அழுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் காயிலுக்குக் கரண்ட் போய் கான்டாக்டர் இழுக்கும். டி செல்லும் அப்படித்தான்.

மெயின் ஸ்விட்ச்: டி செல்லின் மேல் உள்ள ஏற்பி. எதிரியின் துண்டை அடையாளம் காண்பது இதுதான். இந்த ஏற்பி எந்தப் புரதம் என்று வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது. அலிசனும் அவருடன் இருந்தவர்களும் 1982-ல் எலியின் டி செல்லில் அந்தப் புரதத்தை அடையாளம் காட்டினார்கள். அப்போது அவர் டெக்சாஸில் ஸ்மித்வில் என்ற சிற்றூரில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்.

பச்சைப் பட்டன்: சி.டி.28 என்ற இன்னொரு புரதம். எதிரியின் துண்டைக் கொண்டுவந்து காட்டும் செல்லில் பி7 என்று ஒரு மூலக்கூறு இருக்கிறது. பட்டனை அழுத்தும் விரல் என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். பி7 வந்து சி.டி.28-ஐத் தொட்டால்தான் இரண்டாவது சிக்னல் கிடைக்கும். பெர்க்லியில் இருந்த அலிசன் குழு 1992-ல் இதை நிரூபித்தது. முதல் சிக்னல் மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால், டி செல் சும்மா இருப்பதோடு நிற்காது, மரத்தும் போய்விடும்.

அப்புறம் ஓவர்லோடு ரிலே. 1987-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் சி.டி.எல்.ஏ.-4 என்று ஒரு புரதத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதுவும் பி7-ஐத்தான் பிடிக்கும். எனவே இன்னொரு பச்சைப் பட்டனாக இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். அலிசன் குழுவும், சிகாகோவில் ஜெஃப்ரி புளூஸ்டோன் குழுவும் தனித்தனியாகச் சோதித்து, 1994, 95-ல் இது நேர்மாறு என்று காட்டினார்கள். டி செல் ஓட ஆரம்பித்த பிறகுதான் இந்தப் புரதம் செல்லின் மேலே வருகிறது. வந்ததும், பச்சைப் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் விரலை, அதாவது பி7-ஐ, சி.டி.28-ஐ விட இறுக்கமாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மோட்டார் நிற்கிறது!

இது எதற்கு? எங்கள் ஊரில் நடந்த கதையைச் சொன்னால் புரியும். என் அப்பா அடுத்தவர் வயலில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சும் வேலை செய்கிறார். ராத்திரியில் மும்முனை கரண்ட் வரும்போது எழுந்து போவார். ஒருமுறை ஸ்டார்ட்டர் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரோ அதில் குச்சியைச் செருகி வைத்துவிட்டார்கள். விடியும்போது வைண்டிங் எரிந்து புகை வந்துகொண்டிருந்தது. ரிலே நம் எதிரி இல்லை. அது இல்லாவிட்டால் மோட்டாரே இல்லை. 1995-ல் சி.டி.எல்.ஏ.-4 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, சொந்த உறுப்புகளுக்குள்ளேயே புகுந்து அழித்தன. மூன்று, நான்கு வாரத்தில் எலிகள் செத்துப்போயின.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சோதனை

அதுவரை புற்றுநோயை நோயெதிர்ப்புச் சக்தியால் வெல்ல முயன்றவர்கள் பெரும்பாலும் பச்சைப் பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. அலிசன் மாற்றி யோசித்தார். டி செல் கட்டியைத் தாக்க ஆரம்பித்து, பாதியில் டிரிப் ஆகிவிடுகிறதோ? ரிலேயைக் கொஞ்ச நேரம் மட்டும் தடுத்து வைத்தால்?

1994 கடைசியில் டேனா லீச் என்ற இளம் ஆராய்ச்சியாளரிடம் இந்தச் சோதனையைக் கொடுத்தார். கட்டி வளரும் எலிகளில் ஒரு பகுதிக்கு, சி.டி.எல்.ஏ.-4-ஐ மூடி மறைக்கும் ஆன்டிபாடியை ஊசி போட்டார்கள். அந்த எலிகளுக்குக் கட்டி கரைந்துபோனது! அலிசனுக்கே நம்பிக்கை வரவில்லை. எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்று தனக்கே தெரியாதபடி மறுபடி செய்யச் சொன்னார். லீச் விடுமுறைக்குக் கிளம்பிவிட்டதால், கிறிஸ்துமஸ் நாட்களில் அலிசனே உட்கார்ந்து கட்டிகளை அளந்தார். முதலில் எல்லாக் கூண்டிலும் கட்டி வளர்ந்தது, மனசு விட்டுப்போனது. பிறகு சில கூண்டுகளில் வளர்ச்சி நின்று, கட்டி சுருங்க ஆரம்பித்தது. 1996-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியானது.

எலியிலிருந்து மனிதனுக்கு 15 வருஷம்

உடனே மருந்து வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பல கம்பெனிகள் தயங்கின. கடைசியில் மெடாரெக்ஸ் என்ற சிறிய நிறுவனம் முன்வந்தது. மனிதர்களிடம் சோதித்தபோது இன்னொரு சிக்கல். சாதாரண மருந்தென்றால் சில வாரங்களில் கட்டி சுருங்க வேண்டும். இங்கே சிலருக்குக் கட்டி முதலில் பெரிதாகி, பிறகு சுருங்கியது. கட்டியின் அளவை மட்டும் பார்த்தால் மருந்து தோற்ற மாதிரி தெரியும். ஆகவே நோயாளி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார் என்பதையே அளவுகோலாக வைத்தார்கள்.

2010-ல் முடிவு வெளியானது. முற்றிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள 676 பேரிடம் நடந்த சோதனை. ஒப்பீட்டுக்காக வேறு தடுப்பூசி மட்டும் பெற்றவர்களின் ஆயுள் நடுமதிப்பு 6.4 மாதம், இந்த மருந்தைப் பெற்றவர்களுக்குச் சுமார் 10 மாதம். நாலு மாதம்தானா என்று தோன்றும். ஆனால் பிறகு பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், சுமார் ஐந்தில் ஒருவர் மூன்று வருஷம் தாண்டியும் உயிரோடு இருந்தது தெரிந்தது. சிலர் பத்து வருஷமும் தாண்டினார்கள். 2011 மார்ச்சில் இபிலிமுமாப் என்ற பெயரில் மருந்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் டாசுகு ஹோன்ஜோ குழு 1992-ல் பி.டி.-1 என்ற வேறொரு ரிலேயைக் கண்டுபிடித்திருந்தது. அதைத் தடுக்கும் மருந்துகள் இன்னும் பல வகைப் புற்றுநோய்களுக்குப் பயன்பட்டன. 2018-ல் இருவருக்கும் சேர்த்து மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். ரிலேயைத் தடுத்தால் வைண்டிங் சூடாகும் அல்லவா? இந்த மருந்தால் சிலருக்குக் குடல், தோல், ஈரல், சுரப்பிகள் எல்லாம் தன் டி செல்லாலேயே தாக்கப்படும். எல்லாப் புற்றுநோய்க்கும் இது கேட்பதில்லை. விலையோ, வெளிவந்தபோது நாலு ஊசி கொண்ட ஒரு கோர்ஸுக்கு அமெரிக்காவில் சுமார் 1,20,000 டாலர். என் அத்தைக்கு இது கிடைத்திருக்கும், பிழைத்திருப்பார் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வந்தது

அலிசன் மருந்து தேடிப் புறப்படவில்லை. டி செல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் புறப்பட்டார். சர்க்யூட் முழுக்கப் புரிந்த பிறகுதான் எந்த ஒயரில் கை வைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது. நாம் பல சமயம் வைவாவுக்காக டயக்ராமை மனப்பாடம் செய்கிறோம். ஸ்டாப் பட்டன் ஏன் நார்மலி குளோஸ்டு என்று கேட்டால் முழிக்கிறோம். நானும் முழித்தவன்தான்.

நம்மில் பல பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாளைக்கு ஏதோ ஒரு காகிதத்தை நம் கையில் கொடுத்து, "என்ன போட்டிருக்கு பாருப்பா" என்பார்கள். கரண்ட் பில்லாக இருக்கலாம், பத்திரமாக இருக்கலாம், பயாப்ஸி ரிப்போர்ட்டாகவும் இருக்கலாம். தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால் "தெரியலை, கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி, தெரிந்தவரிடம் போய்க் கேட்போம். "ஒண்ணும் இல்லை" என்று மட்டும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு நான் அப்படித்தான் சொன்னேன்.

வாயில் ஆறாத புண் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். புகையிலையை விடச் சொல்லுங்கள். அதற்கு 1,20,000 டாலர் தேவையில்லை.



— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை