நீட்டினால் எவ்வளவு தூக்கும்?

1958இல் பிரான்சின் ஆன்செனி நகரில் மார்செல் பிரோ ஒரு டிராக்டரின் ஓட்டுநர் இருக்கையைத் திருப்பி அமைத்து, அதில் சுமையைச் செங்குத்தாகத் தூக்கும் மாஸ்ட் என்ற சட்டம் ஒன்றைப் பொருத்தினார். கரடுமுரடான தரைக்கான மானிட்டூ ஃபோர்க்லிஃப்ட் அப்படித்தான் உருவானது. 19 ஆண்டுகள் கழித்து, 1977இல், பிரிட்டனின் ஜேசிபி நிறுவனம் பூம் என்ற நீளும் கை கொண்ட ‘லோடால்’ டெலிஹேண்ட்லரை வெளியிட்டது. பிரிட்டனில் வீடு கட்டும் ஒருவர் இவ்விரண்டு வகைகளில் எதை எடுப்பது என்பது பெரும்பாலும் கணக்கிலேயே தீர்ந்துவிடும்.

ஜேசிபியின் மாஸ்ட் வகையான 930 தூக்குவது 3,000 கிலோ. டெலிஹேண்ட்லர் 535-95 தூக்குவது 3,500 கிலோ. அது தூக்கும் உயரம் 9.5 மீட்டர். 540-170 என்ற மாடலுக்கு 4,000 கிலோ, 16.7 மீட்டர். 930ஐவிட 535-95 சுமார் 17 விழுக்காடு கூடுதலாகத் தூக்குகிறது. ஆனால் 3,500 கிலோ என்பது பூம் உள்ளே இழுக்கப்பட்டிருக்கும்போது மட்டுமே பொருந்தும் எண்.

முன்சக்கரத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி 3,500 கிலோ இருப்பதாகக் கொண்டால், கவிழ்க்கும் திருப்புவிசை 5,250 கிலோகிராம்-மீட்டர். இதே வரம்புக்குள் 4 மீட்டர் தூரத்தில் தாங்கக்கூடியது 1,312 கிலோ, 6.5 மீட்டரில் 808 கிலோ, அதாவது தொடக்க எண்ணில் 23 விழுக்காடு. பூமின் சொந்த எடையும் முன்னால் நகர்வதால் உண்மையான அளவு இதைவிடக் குறையும்.

இனி செங்கல். பிரிட்டனின் வழக்கமான செங்கல் 215 × 102.5 × 65 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் சாந்து இணைப்புடன், ஒரு சதுர மீட்டர் அரைச்செங்கல் சுவருக்கு 60 கற்கள். வெளிச்சுவர் 120 சதுர மீட்டர் எனில் 7,200 கற்கள்; 5 விழுக்காடு சேதாரம் சேர்த்தால் 7,560. கல் ஒன்று 2.3 கிலோ, கட்டு ஒன்றுக்கு 400 கற்கள் என வைத்தால் கட்டின் எடை 920 கிலோ. மொத்தம் 19 கட்டுகள். 6.5 மீட்டர் நீட்ட வேண்டிய இடத்தில் 808 கிலோவே உச்சம் என்பதால் கட்டைப் பாதியாகப் பிரிக்க வேண்டும்: 38 தூக்குகள். தூக்குக்கு 4 நிமிடம் என்றால் 76 நிமிட வேலை 152 நிமிடமாகிறது. 10 வீடுகளுக்கு இழப்பு 12 மணி 40 நிமிடம்.

ஃபோர்க்லிஃப்டின் வரம்பு வேறு. அதன் ஃபோர்க் ஏறத்தாழ 1.2 மீட்டர். 225 மில்லிமீட்டர் அகலப் பலகைகள் ஐந்தைப் பக்கம்பக்கமாக வைத்த சாரத்தின் அகலம் 1.125 மீட்டர் என்பதால், சாரத்தின் அடிவரை வண்டி வந்தால் முழுக் கட்டையும் நேராக இறக்கிவிடலாம். இடையில் 2 மீட்டர் அகலக் குழி இருந்தால் ஃபோர்க் எட்டாது. அப்போது 7,560 கற்களும், அதாவது 17.4 டன், மனிதத் தோளுக்கு மாறும்.

இரண்டையும் வைத்துக்கொள்வதற்கும் விலை உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் பிரிட்டனின் கட்டுமானத் தளங்களுக்குச் வரிச்சலுகை டீசல் இல்லை. அன்றைய நிலவரப்படி லிட்டருக்கு 10.18 பென்ஸாக இருந்திருக்கும் வரி 52.95 பென்ஸ், வித்தியாசம் 42.77 பென்ஸ். நாளுக்கு 40 லிட்டர், ஆண்டுக்கு 250 நாள் எனில் ஓர் இயந்திரத்துக்குக் கூடுதல் வரி மட்டும் 4,277 பவுண்ட்.

எனவே, சுமை இறங்கும் இடங்கள் எல்லாவற்றையும் முதலில் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். அனைத்தும் 1.2 மீட்டருக்குள், மாஸ்ட் எட்டும் உயரத்தில் இருந்தால் ஃபோர்க்லிஃப்ட் போதும். எட்டாத இடங்கள் இருந்தால் டெலிஹேண்ட்லர்தான். ஆனால் மாடலுக்குச் சொல்லப்படும் உச்ச எடையை நம்பாமல், மிகத் தொலைவான இடத்துக்குத் தயாரிப்பாளரின் சுமை அட்டவணை தரும் கிலோவைப் பார்த்தே வாடகை பேசுங்கள்.