அம்மா வரும் வரை தூங்கக் கூடாது!
தங்கவயல் லைன் வீட்டில் ஒரு தந்தையின் பகல் பொழுது

கோலார் தங்கவயலில் பொழுது விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துக் கொள்கிறது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கையில் சாப்பாட்டுப் பையுடன் வந்து சேருகிறார்கள். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போடுவது இந்த ரயில்தான். போகவர நாலு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே கழிந்து விடுகிறது.

அந்தக் கூட்டத்தில் பெண்களும் ஏராளம். கைக்குழந்தையை வீட்டில் விட்டு வருகிறவர்களும் உண்டு. அந்தக் குழந்தைகளை யார் பார்த்துக் கொள்கிறார்கள்? பல வீடுகளில் பாட்டி. பாட்டி இல்லாத சில வீடுகளில் அப்பா!

அப்படி ஒரு லைன் வீட்டை எடுத்துக் கொள்வோம். பெண் குழந்தை, வயது இரண்டு. தாய்க்கு கார்மெண்ட்ஸில் மாதச் சம்பளம். தந்தைக்குக் கிடைப்பது தினக்கூலி. அதுவும் எல்லா நாளும் இல்லை. இருவரும் ரயில் ஏறினால் குழந்தையைப் பார்க்க ஆள் வைக்க வேண்டும். அவர் கூலி அதற்கே சரியாகிவிடும். ஆகவே அவர் வீட்டில் நின்று கொண்டார். "பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்" என்று டீக்கடையில் கேலி பேசுகிறார்கள். ஆனால் அவர் உட்காருவதற்கு எங்கே நேரம்?

கண் மூட முடியாத வேலை

குழந்தை எழுந்ததும் முதலில் தேடுவது அம்மாவை. ரயில் போய்விட்டது என்றால் அழுகை. இடுப்பில் தூக்கிக் கொண்டு தெருக்கோடி வரை ஒரு நடை போய் வந்தால்தான் ஓயும். பிறகு ராகிக் கஞ்சி. இரண்டு வாய் உள்ளே போகும். மூன்றாவது வாய் சட்டையில் விழும்.

குழாயில் தண்ணீர் வந்தால் விடக் கூடாது. குழந்தையையும் விடக் கூடாது. பிடித்து வைத்த பக்கெட்டுகளை உடனே மூடிவிடுகிறார். பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் தலைகீழாக விழும் குழந்தைக்கு ஆபத்து. முழு வேர்க்கடலையும் கையில் கொடுப்பதில்லை. தொண்டையில் அடைத்துக் கொள்ளும்.

தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண் இங்கே மலை போல் குவிந்து கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அதன் தூசு வீட்டுக்குள் வரும். அப்போது கதவைச் சாத்தி, ஈரத் துணியால் தரையைத் துடைத்து, குழந்தையின் கையைக் கழுவி விடுவது தனி வேலை.

தலைவாரி, பொட்டு வைத்து, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைக்கக் கற்றுக் கொண்டார். தாலாட்டு மட்டும் தெரியாது. எம்.ஜி.ஆர். படப் பாட்டுதான். குழந்தை அதற்கே தூங்கி விடுகிறது.

தடுப்பூசிக்குப் போனால் "அம்மா வரவில்லையா?" என்பதுதான் முதல் கேள்வி. எடை எவ்வளவு, போன ஊசி எப்போது, காய்ச்சல் வந்ததா என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறவர் அவர்தான்.

பெரிய கவலை

இவ்வளவையும் விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தாய் புறப்படும்போது குழந்தை தூங்குகிறது, திரும்பும்போதும் தூங்கிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை தாய் கை நீட்டினால் அப்பாவின் கழுத்தைக் கட்டிக் கொள்கிறது. தாயின் முகம் வாடிவிடுகிறது.

இதற்கு அவர் கண்ட வழி எளியது. மத்தியானம் நன்றாகத் தூங்க வைக்கிறார். தாயின் சாப்பாட்டு நேரத்தில் போனில் முகம் காட்டுகிறார். சோறு ஊட்டும்போது "இது அம்மாவுக்கு ஒரு வாய்" என்கிறார். இருட்டிய பிறகு கண் சொக்கினால் முகம் கழுவி, வாசலில் உட்கார்ந்து நட்சத்திரம் காட்டுகிறார். ரயில் நேரத்துக்கு வந்தால் தாய்க்கு அரை மணி நேரம் மகள் கிடைப்பாள். தாமதமானால் அதுவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்குப் பிரசவ காலத்தில் 15 நாள் தந்தையர் விடுப்பு 1997-ல் வந்தது. தினக்கூலிக்காரருக்கு அந்தப் பேச்சே இல்லை. 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் பெங்களூரில் காப்பகம் இருந்து தங்கவயல் குழந்தைக்கு என்ன பயன்? நெரிசல் ரயிலில் இரண்டு வயதுக் குழந்தையைத் தினமும் கொண்டு போய் வர முடியுமா? அங்கன்வாடியில் சத்துணவு கிடைக்கிறது. ஆனால் அங்கே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது மூன்று வயதுக்கு மேல்தான்.

விடியற்காலை முதல் இரவு ரயில் வரும் வரை திறந்திருக்கும் காப்பகம் ரயில் நிலையத்தின் அருகிலேயே வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் இந்தத் தந்தையும் வேலைக்குப் போகலாம். ரயிலை விட்டு இறங்கிய கையோடு தாயும் மகளை வாங்கிக் கொள்ளலாம். அதுவரை, லைன் வீட்டு வாசலில் குழந்தையைத் தூங்க விடாமல் கதை சொல்லிக் கொண்டிருப்பவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல வேண்டாம்.