உம்மாவின் நிறை குறைந்தால் மகிழ வேண்டுமா?

"மெலிந்தால் நல்லது" என்ற பேச்சு எங்கள் வீடுகளில் ஊறிவிட்டது. சலரோகத்துக்கும் பிறஷருக்கும் கிளினிக் போகும் உம்மா மூன்று கிலோ குறைந்துவிட்டார் என்றால் பிள்ளைகள் சந்தோஷப்படுகிறோம். 65 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அது எப்போதும் நல்ல செய்தி அல்ல.

நிறையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே நோய் அபாயம் கூடுகிறது என 2004இல் வெளியான உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு அறிக்கை கூறியது. அது வளர்ந்தோருக்கான பொது அளவு; முதியோருக்கெனத் தனியாக வகுத்ததல்ல.

வயது போகப் போக முதுகெலும்பு அமுங்கி உயரமும் குறைகிறது. 155 செ.மீ. உயரமும் 54 கிலோ நிறையும் இருந்தவருக்கு பி.எம்.ஐ. 22.5. அவரே 150 செ.மீ. ஆனால் ஒரு கிராமும் கூடாமலே அது 24. இதைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்கலாமா? 65 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2014இல் வெளியான ஆய்வில், 23க்குக் கீழே இருந்தோரிடமே இறப்பு அபாயம் கூடியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் மேற்கு நாட்டவர் என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுக்க முடியாது; ஆனாலும் எச்சரிக்கை எங்களுக்கும் பொருந்தும்.

பண்ணைப் பாலம் தாண்டியதும் வரும் அல்லைப்பிட்டியில் நான் காணும் மூதாட்டிகள் பலர் மெலிந்தவர்கள். பிள்ளைகள் தூரத்தில், தனக்கு மட்டும் உலை வைக்க மனமில்லை. கடல் பக்கத்தில் இருந்தும் இரவுச் சாப்பாடு பாணும் தேநீரும்தான். சோனகத்தெருவிலும் புத்தளத்திலும் எங்கள் உம்மாமார் பலரின் நிலையும் இதுவே. இப்படிக் குறைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். தசை போனால் விழுவார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை.

எனவே தராசை மட்டும் நம்பாதீர்கள். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேலா என்று பாருங்கள். சுஜூதிலிருந்து முன்புபோல எழ முடிகிறதா என்று கேளுங்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் நிறையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோவில் 3 கிலோ குறைந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். கட்டுப்பாடற்ற சலரோகம், தைரொய்ட், காசம், புற்றுநோய், மனச்சோர்வு, பல் இல்லாமை என எதுவும் காரணமாகலாம்.

சிறுநீரக நோய் இல்லாதவருக்கு, உடல் நிறையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் தினமும் வேண்டும். மீன், முட்டை, பருப்பு, பால் எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான். சலரோக மருந்து எடுப்பவர்கள் றமழானுக்கு முன்னரே வைத்தியரைக் கேட்கட்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

உம்மாவை மெலிய வைப்பதை விட, அவரோடு அமர்ந்து ஒரு நேரம் சாப்பிடுவது பெரிய வைத்தியம். அல்லாஹ் எங்கள் தாய்மாருக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக.