நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல நேரத்தைக் கணக்குப் போடுங்க!

முதல் போனஸ் வந்ததும் நாய்க்குட்டி வாங்கணும்னு நிறைய பேருக்கு ஆசை இருக்கும். குட்டியோட விலையை மட்டும் பார்க்காதீங்க. சாப்பாடு, தடுப்பூசின்னு மாசம் 3,000 ரூபாய் வச்சாலே 12 வருஷத்துக்கு 4,32,000 ரூபாய் ஆகுது.

அதைவிடப் பெரிய செலவு நேரம். 2 மாசக் குட்டியால சுமார் 3 மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும். நீங்க ஆபீஸ் போய்வரவே 10 மணி நேரம். சாயங்காலம் வந்து தரையைப் பார்த்துட்டு அடிச்சா, எதுக்கு அடி விழுதுன்னே அதுக்குப் புரியாது. உங்களைப் பார்த்துப் பயப்பட மட்டும் கத்துக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே கூட்டிட்டுப் போங்க. சரியான இடத்துல போன அடுத்த நொடியே ஒரு சின்னத் துண்டு வேகவச்ச சிக்கன் கொடுங்க. பயிற்சின்னா இதுதான்.

பிறந்த 3-வது வாரத்துல இருந்து சுமார் 14-வது வாரம் வரைக்கும் குட்டி எதையும் சுலபமா ஏத்துக்கும். புது ஆளுங்க, பைக் சத்தம், குக்கர் விசில் எல்லாம் அப்பவே பழக்கணும். தடுப்பூசி முடியலைன்னா கையில தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க. இதை விட்டுட்டா, பின்னால லிஃப்ட்ல ஆளைப் பார்த்தாலே குரைக்கலாம். ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொன்னா புது அட்வான்ஸ், ஷிஃப்டிங் செலவு. அப்பதான் சிலர் நாயைத் தெருவுல விட்டுட்டுப் போறாங்க (எப்படித்தான் மனசு வருதோ!).

பகல்ல வீட்ல ஆளே இல்லையா? குட்டி வேண்டாம். காப்பகத்துல இருக்கிற 2, 3 வயசு நாட்டு நாயைத் தத்தெடுங்க. அதோட குணம் முன்னாடியே தெரியும், குட்டியைவிட அதிக நேரம் அடக்கவும் செய்யும்.