ஆறு டெசிபல் இடம் விடுங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோழிக்கு முன்பே கூம்பு ஒலிபெருக்கி கூவத் தொடங்கிவிடும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்து எம்.எல்.வசந்தகுமாரி பாடிய திருப்பாவையைக் கேட்டே வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அன்றைக்குப் பாடலைப் பதிவு செய்வது பெரிய கம்பெனிகளால் மட்டுமே ஆகிற காரியம். இன்றைக்கு லேப்டாப்பும் சுமாரான ஒரு மைக்கும் இருந்தால் போதும், ஆண்டாள் ஊர்ப் பஜனைக் குழுவோ பக்கத்து ராஜபாளையத்து மெல்லிசைக் குழுவோ வீட்டு அறையிலேயே பதிவை முடித்துவிடலாம். பாடியாயிற்று, மிக்ஸிங்கும் ஆயிற்று. அதன்பின் மாஸ்டரிங்குக்கு அனுப்பும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

குரல், வயலின், மிருதங்கம் ஒவ்வொன்றும் எவ்வளவு கேட்க வேண்டும் என்று தீர்மானிப்பது மிக்ஸிங். அப்படிக் கலந்து முடித்த பாடலை எந்தக் கருவியில் போட்டாலும் கேட்கும்படி செப்பனிட்டு, தொகுப்பின் 30 பாசுரங்களும் ஒரே கச்சேரிபோல் ஒலிக்கச் செய்வது மாஸ்டரிங். கோயில் கூம்பையே எடுத்துக்கொள்வோம். சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அது பெரும்பாலும் வெளியே விடாது. மிருதங்கத்தின் தொப்பி நாதம் அதோடு போயிற்று. அதே பாடலைக் காரில் போடும்போது தொப்பியே எல்லாவற்றையும் அமுக்கும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே பாதை கண்டுபிடிப்பவர்தான் மாஸ்டரிங் பொறியாளர். அவருக்குக் கை நீட்ட இடம் வேண்டும்.

அந்த இடத்தைப் பறிப்பது சத்தத்தின் மேல் நமக்குள்ள ஆசை. தவிலில் கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் விழும் கணத்தை லேப்டாப் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஊசிபோல் மேலே எழுந்து சில மில்லி நொடிகளில் அடங்கிவிடும். நாகஸ்வரத்தின் ஒலியோ தொடர்ந்து ஓடும் பட்டை. டிஜிட்டல் பதிவுக்குப் பூஜ்ஜியம் டெசிபல்தான் உச்சவரம்பு. சாதாரண 16 பிட், 24 பிட் கோப்புகளில் அதைத் தாண்டும் ஊசியின் தலை அப்படியே வெட்டப்படும். வெட்டாமலிருக்க லிமிட்டர் போட்டு அமுக்குகிறார்கள். பாட்டு உரக்கக் கேட்கிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அடிக்கும் அடிக்கும் இருந்த வித்தியாசம் போய்விட்டது. சுண்டக் காய்ச்சிய பால்கோவாவை மறுபடி பாலாக்க வழி கிடையாது.

உலக அளவில் இதற்குப் பெயர்போன உதாரணம் 2008இல் வந்த மெட்டாலிகா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’. சத்தம் நசுங்கிக் கிடக்கிறது என்று ரசிகர்கள் இணையத்தில் மனுப் போட்டார்கள். அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் நசுங்காமல் ஒலித்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த சாட்சி. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் மீது பழி விழுந்தபோது, மிக்ஸ் தன் கைக்கு வரும்போதே நசுங்கித்தான் வந்தது என்றார் அவர். கோடிகளில் புரளும் குழுவுக்கே இந்தக் கதி.

இத்தனைக்கும் உரக்க அனுப்புவதால் லாபம் ஏதுமில்லை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்கள் பாடலின் சராசரி உரப்பை அளந்து, மிகையாக இருந்தால் தாங்களே குறைத்துவிடுகின்றன. குறைத்த பிறகு மிஞ்சுவது நசுங்கல் மட்டுமே.

எனவே உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் அனுப்புவது நல்ல வழக்கம். சத்தம் குறைந்தால் தரமும் குறையுமே என்ற பயம் வேண்டாம். டிஜிட்டல் ஒலியில் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் கணக்கு. 24 பிட் பதிவில் இந்த இடைவெளிக்காக நாம் கொடுப்பது ஒரே ஒரு பிட். மிச்சம் 23 பிட், சிடியின் 16 பிட்டைவிடத் தாராளம். எம்பி3 கூடவே கூடாது. காதுக்கு எட்டாது என்று அது கழித்துக்கட்டியவை திரும்பி வாரா. பதிவு செய்த அதே சாம்பிள் ரேட்டிலேயே, 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் 48லேயே, வேவ் கோப்பாக அனுப்ப வேண்டும்.

அடுத்த எதிரி இரைச்சல். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து ராஜபாளையம் நூற்பாலை ஊர். இயந்திர ஓசைக்குப் பயந்து இரவில் பதிவு செய்யலாம். ஆனால் எர்த் சரியில்லாத வயரிங்கில் வரும் 50 ஹெர்ட்ஸ் ‘ஹம்’ இரவிலும் தூங்காது. அதன் மூன்றாம் மடங்கு 150 ஹெர்ட்ஸ். ஆண் குரலில் இரண்டு கட்டைச் சுருதியின் ஆதார ஷட்ஜமோ ஏறத்தாழ 147. இரண்டும் உரசி நொடிக்கு மூன்று முறை அலையும். மாஸ்டரிங்கில் அந்த 150ஐ வெட்டப் போனால் சுருதியின் உடம்பிலும் கத்தி படும். பாடுவதற்கு முன்பே எர்த்தைச் சரிசெய்வதே புத்திசாலித்தனம்.

கடைசியாகப் பெயர். 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் பதிவு செய்த பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் ஆலைக்குக் கப்பலேறும். அங்கே இசைத்தட்டு அச்சிடுபவர்களுக்கு யாருடைய பாட்டு என்று தெரிய வேண்டுமே! நூறு ஆண்டுகளைத் தாண்டி நாம் அனுப்பும் கோப்புகளின் பெயர்களோ ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் லாஸ்ட்’. பாசுர எண், ராகம், பாடியவர் என்று எழுத ஒரு நிமிடம் ஆகுமா?

இந்த மார்கழிக்குத் திருப்பாவை வெளியிட நினைக்கும் குழுக்கள் கார்த்திகை முதல் வாரத்திலேயே கோப்புகளை அனுப்பிவிடுங்கள். மாஸ்டரிங் செய்பவர் ஒரு திருத்தம் கேட்டால், மிக்ஸைத் திறந்து மாற்றித் தர நாள் வேண்டும்.