மானம் காக்கும் பொருளும் வரியும்

நல்ல வரிக்கு இலக்கணம் வகுத்தவர் ஸ்காட்லாந்து அறிஞர் ஆடம் ஸ்மித். சக்திக்கேற்ற சமநீதி, நிச்சயத்தன்மை, செலுத்துவோர்க்கு வசதி, வசூலிப்பதில் சிக்கனம் என்னும் நான்கு நெறிகளை அவர் 1776-ஆம் ஆண்டில் உரைத்தார். வரித்தொகை இன்னதென நிச்சயமாக இல்லையேல், குடிமகன் தண்டலாளனின் தயவில் வாழ நேருமன்றோ?

அத்தியாவசியப் பொருள் எது? உயிர் காப்பது மட்டுமன்று, மானம் காப்பதும் ஆகும் என்றார் அவர். லினன் சட்டையின்றி வெளிவரக் கூலியாளும் நாணுவான் என்பது அவர் காட்டிய சான்று. அத்தகைய பொருள்மீது வரி விதித்தால் பிழைப்புச் செலவு ஏறும். அதனால் கூலியும் ஏறும். முடிவில் சுமை பிறர் தலையிலும் விழும் என்பது அவர் வாதம்.

பிரிட்டன் உப்பு வரியை 1825-லும், சவுக்கார வரியை 1853-லும் நீக்கியது. துணி மானம் காப்பது என்பதை நெசவாளர்க்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை. வரி விதிப்போர்க்கே அதனை நினைவூட்டல் வேண்டும்.